பெயிண்ட் அடிக்கும் முன் பேரிங்கைக் கழற்றுங்கள்

பட்டறைப் பக்கம்: வாசகர் கேள்வி பதில்

மழைக்காலத்துக்கு முன்னால் பைக்கில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று சென்ற இதழில் எழுதியபோது அலாய் வீலுக்கு இரண்டே வரிதான் ஒதுக்கியிருந்தேன். வந்த கடிதங்களிலும் வாட்ஸ்அப் படங்களிலும் பெரும்பாலானவை அந்த இரண்டு வரியைப் பிடித்துக்கொண்டுதான் வந்திருக்கின்றன. எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: வீல் பழசாகிவிட்டது, எப்படிப் புதுசாக்குவது? படங்களைப் பார்த்ததும் தோன்றியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வீல்களில் பாதியைக் கெடுத்தது ரோடு இல்லை. கழுவுகிறேன், பெயிண்ட் அடிக்கிறேன், நிமிர்த்துகிறேன் என்று யாரோ அதன்மேல் ஊற்றியதும் காட்டிய நெருப்பும்தான். சரி, கேள்விகளுக்குப் போவோம்.

கேள்வி: ஐயா, என் 150 சிசி பைக் வாங்கி ஆறு வருடம் ஆகிறது. மேக் வீலின் (அலாய் வீலைத்தான் சொல்கிறேன்) விளிம்பிலும், காற்று அடிக்கும் வால்வைச் சுற்றியும் கறுப்பு பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி நிற்கிறது. குத்திப் பார்த்தால் உள்ளே வெள்ளைப் பொடி. பெயிண்டர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மேலே ஸ்ப்ரே அடித்துவிடலாம் என்கிறார். பின்சக்கரத்தில் வாரத்துக்கு ஒருமுறை காற்றும் குறைகிறது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?
- நாகப்பட்டினம் வாசகர்

பதில்: உண்டு, நன்றாகவே உண்டு. அந்த வெள்ளைப் பொடிதான் அலுமினியத்தின் துரு. இரும்புத் துரு சிவப்பாக இருப்பதால் உடனே தெரிந்துவிடுகிறது, இது வெள்ளையாக இருப்பதால் ஏதோ அழுக்கு என்று விட்டுவிடுகிறோம். அலுமினியம் காற்றுப் பட்டதும் தானே ஒரு மெல்லிய ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்ளும், சாதாரண ஊரில் அதுவே போதும். கடற்கரை ஊர்களில் காற்றிலேயே உப்பு இருக்கிறது, உப்பில் இருக்கும் குளோரைடு அந்தப் படலத்தை ஓட்டை போட்டுவிடும். கல் தெறித்த இடம், பஞ்சர் கடையில் லீவர் போட்டு டயர் கழற்றியபோது கீறிய இடம், இவற்றின் வழியாக உப்பு ஈரம் உள்ளே போய், பெயிண்டுக்கு அடியில் பக்கவாட்டில் பரவிக்கொண்டே போகும். விளிம்பிலும் வால்வு ஓட்டையிலும் முதலில் வருவது அதனால்தான், கைபடுகிற இடங்கள் அவை.

டியூப்லெஸ் டயரில் காற்றைப் பிடித்து நிறுத்துவதே டயரின் பீடு, அதாவது அதன் தடித்த உள்விளிம்பு, ரிம்மில் அழுந்தி உட்காரும் அந்த ஒரு விரல் அகல இடம்தான். அங்கே பொடி எழும்பினால் டயருக்கும் ரிம்முக்கும் நடுவே சந்து விழும். சோப்புத் தண்ணீரை விளிம்பு முழுக்கத் தடவிப் பாருங்கள், பொடிப்பொடியாக நுரை எழும்பும் இடம் காட்டிக்கொடுத்துவிடும்.

பெயிண்டர் சொல்கிற வழியில் செய்தால் அடுத்த ஐப்பசி மழை வரை தாங்கும். நிரந்தரமாகச் செய்ய வேண்டுமானால் டயரைக் கழற்றுங்கள். கொப்புளம் இருக்கும் இடத்தை மட்டுமல்ல, அதைச் சுற்றிலும் நன்றாக இருக்கிற பெயிண்டையும் கொஞ்சம் தூரம் வரை எடுத்து, பளிச்சென்ற உலோகம் தெரியும்வரை தேய்க்க வேண்டும். குழிக்குள் சாம்பல் நிறப் புள்ளி ஒன்றை விட்டால்கூடப் போதும், அங்கிருந்தே மறுபடி கிளம்பும். 220 நம்பர் உப்புத்தாளில் ஆரம்பித்து 400-இல் முடியுங்கள். இரும்புக் கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம், அதிலிருந்து உதிரும் இரும்புத் துணுக்கு அலுமினியத்தில் பதிந்து, ஈரம் பட்டதும் அங்கே புது அரிப்பைத் தொடங்கும். நைலான் ஸ்கிரப்பர் போதும். பீடு உட்காரும் இடத்தில் கிரைண்டர் வைக்க விடாதீர்கள், அங்கே பட்டியும் பார்க்கக் கூடாது. தேய்த்தபின் கழுவுவது நல்ல தண்ணீரில் இருக்கட்டும், உங்கள் பக்கத்து போர் தண்ணீரில் கழுவினால் உப்பை எடுத்துவிட்டு உப்பை வைத்த கதைதான். காயவைத்து, தின்னர் துணியால் துடைத்து, அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுங்கள்.

பிரைமர் என்றதும் ரெட் ஆக்சைடு எடுத்துவந்துவிடுவார்கள். அது இரும்பு கேட்டுக்கு. அலுமினியத்துக்கு எட்ச் பிரைமர் அல்லது எபாக்சி பிரைமர் என்று கேட்டு வாங்க வேண்டும். பீடு இடத்தில் எல்லாமே மெல்லிசாக ஒரு கோட்டிங், தடித்தால் டயர் ஏற்றும்போதே பெயர்ந்து வந்துவிடும். டயர் கழற்றியிருக்கும்போதே ரப்பர் வால்வையும் மாற்றிவிடுங்கள். குழி நகம் சிக்கும் ஆழத்துக்கு இருந்தால் டயர் கடையில் பீடு சீலர் பூசச் சொல்லலாம். அதுவும் பிடிக்கவில்லையென்றால் வீலை மாற்றுவதுதான் வழி.

கேள்வி: அண்ணே, பவுடர் கோட்டிங் நல்லதா, பியூ (பாலியூரித்தேன்) பெயிண்ட் நல்லதா? எங்கள் ஏரியாவில் கிரில் கேட்டுக்குப் பவுடர் கோட்டிங் செய்யும் கம்பெனி ஒன்று இருக்கிறது, வீலை அப்படியே கொண்டுவாருங்கள், ஒரே நாளில் தருகிறோம் என்கிறார்கள். எனக்குத் தங்க நிறம் வேண்டும்.
- கோயம்புத்தூர் வாசகர்

பதில்: உறுதி என்று பார்த்தால் பவுடர் கோட்டிங்தான். ஆனால் 'அப்படியே கொண்டுவாருங்கள்' என்று சொல்கிற இடத்துக்குப் போகாதீர்கள். 

அங்கே என்ன நடக்கும் என்று சொல்கிறேன். முதலில் பழைய பெயிண்டை உரிக்க வேண்டும். கிரில் கம்பெனிகளில் காஸ்டிக் சோடாத் தொட்டி இருக்கும், இரும்புக்கு அது ஒன்றும் செய்யாது. அலுமினியத்தை அதில் இறக்கினால் குமிழ் குமிழாகப் பொங்கும், அது ஹைட்ரஜன், பொங்கப் பொங்க உலோகம் கரைகிறது என்று அர்த்தம். பேரிங் உட்காரும் இடம் நூலளவு கரைந்தாலும் பேரிங் லூசாகிவிடும், அதற்குப் பிறகு எந்தப் பெயிண்டும் உங்களைக் காப்பாற்றாது. அலுமினியத்துக்கு ஏற்ற பெயிண்ட் ரிமூவர் போட்டு உரிக்கலாம், இல்லையென்றால் பொடியைக் காற்றழுத்தத்தில் வீசி அடித்து உரிக்கும் பிளாஸ்டிங். அதிலும் ஆற்று மணல் கூடாது, மேற்பரப்பைக் கொத்திவிடும், அந்தத் தூசி வேலை செய்பவரின் நுரையீரலுக்கும் விஷம். கண்ணாடி மணி அல்லது அலுமினியம் ஆக்சைடு, குறைந்த பிரஷரில்.

அடுத்து சூடு. பவுடர் என்பது உலர்ந்த பொடி, மின்னேற்றம் கொடுத்து வீலில் ஒட்டவைத்து, 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை அடுப்பில் வைத்து உருக்குகிறார்கள். நம் வீல்கள் பெரும்பாலும் 7 சதவீதம் அளவுக்குச் சிலிக்கானும் கொஞ்சம் மக்னீசியமும் சேர்ந்த அலுமினியத்தில் வார்த்தவை. வார்த்த பிறகு 500 டிகிரிக்கு மேல் சூடாக்கி, தண்ணீரில் குளிரவைத்து, மறுபடி 150-160 டிகிரியில் மணிக்கணக்கில் வைத்துத்தான் பல வீல்களுக்கு அந்த உறுதியைக் கொடுக்கிறார்கள். சூடு கொடுத்த பலத்தைச் சூடே எடுக்கவும் முடியும். 200 டிகிரியில் இருபது நிமிடம் என்றால் பயமில்லை. கனமான கேட்டுகளோடு சேர்த்துத் தொங்கவிட்டு, கேட் சூடேறட்டும் என்று அடுப்பை ஏற்றிவைத்து ஒரு மணி நேரம் வேகவிட்டால் கதை வேறு. வீல்களை மட்டும் தனியாகப் போடுவார்களா, எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் வண்டியைத் திருப்புங்கள்.

வார்ப்பு அலுமினியத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகளில் காற்றும் எண்ணெயும் அடைந்திருக்கும். பவுடர் உருகும்போது அது வெளியே வந்து ஆப்பத்துக் கண் மாதிரி பொத்துவிடும். விவரம் தெரிந்தவர்கள் பவுடர் அடிக்கும் முன்பே வெறும் வீலை ஒருமுறை அடுப்பில் வைத்து எடுத்துவிடுவார்கள். அப்புறம், எபாக்சி பவுடரா பாலியஸ்டர் பவுடரா என்றும் கேளுங்கள். எபாக்சி வெயிலில் வெளுத்துச் சுண்ணாம்பு பூத்துவிடும், வெளியில் நிற்கும் வண்டிக்குப் பாலியஸ்டர்தான்.

இப்போது பேரிங். டேப் ஒட்டிவிட்டுச் செய்கிறோம் என்பார்கள், கேட்காதீர்கள். பிளாஸ்டிங் பொடி உள்ளே புகும், அடுப்பில் கிரீஸ் உருகி ஓடும், சீல் வெந்துவிடும். பேரிங் இரண்டும், அவற்றுக்கு நடுவில் குழாய் போல இருக்கும் காலரும், ஆயில் சீல், கப்ளிங் ரப்பர், வால்வு, டிஸ்க் எல்லாம் வெளியே வர வேண்டும். பேரிங் வர மறுத்தால் ஹப்பை மட்டும் நூறு டிகிரி அளவுக்குச் சூடாக்கினால் போதும், ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், லேசாகத் தட்டினாலே கழன்றுவரும். திரும்பப் போடும்போது புதுப் பேரிங் போடுங்கள், பழையதை உள்வளையத்தில் தட்டிக் கழற்றியிருப்பார்கள், அது அடிவாங்கியிருக்கும். வெளிவளையத்துக்குச் சரியான அளவு சாக்கெட் வைத்து அங்கே மட்டும் தட்டி இறக்க வேண்டும். நடுக் காலரை மறந்துவிட்டு மூடுகிறவர்களும் இருக்கிறார்கள், ஆக்சில் நட்டை முறுக்கியதுமே பேரிங் நெரிந்து, கொஞ்ச நாளில் சத்தம் கொடுக்க ஆரம்பிக்கும்.

பேரிங் குழி, டிஸ்க் உட்காரும் முகம், போல்ட் மரை இந்த மூன்றிலும் பவுடர் படக் கூடாது, மறைத்துத்தான் அடிக்க வேண்டும். டிஸ்க்குக்கு அடியில் பெயிண்ட் இருந்தால் நாளடைவில் அது நசுங்கி, போல்ட்டின் இறுக்கம் போய்விடும். டிஸ்க்கும் நேராக உட்காராது, பிரேக் பிடிக்கும்போது லீவர் விரலில் துடிக்கும்.

இவ்வளவுக்கும் தயாரான ஆள் கிடைக்கவில்லையென்றால் நல்ல பெயிண்டரிடம் இரண்டு பாகம் கலக்கும் பியூ பெயிண்ட் அடித்துக்கொள்ளுங்கள், அதுவும் பல வருடம் வரும். அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, மூச்சுக்கு ரொம்பக் கெடுதல், துணி மாஸ்க் அதைத் தடுக்காது, வீட்டுத் திண்ணையில் வைத்து அடிக்கிற வேலை இல்லை அது. மழை ஈரத்தில் அடித்தால் மேலே பால் பூத்த மாதிரி மங்கிவிடும், வெயில் அடிக்கிற முற்பகலாகப் பாருங்கள். அடித்து ஒரு வாரமாவது ஆறவிட்டு டயர் ஏற்றுவது நல்லது.

தங்க நிறம் உங்கள் இஷ்டம். செயின் லூப் (செயினுக்கு அடிக்கும் எண்ணெய்) தெறிப்பது நன்றாகத் தெரியும், அவ்வளவுதான்.

கேள்வி: சார், ஏற்காடு மலைப்பாதையில் பள்ளத்தில் இறங்கி முன்வீல் விளிம்பு பெண்டு ஆகிவிட்டது. கேஸ் வைத்துச் சூடாக்கித் தட்டி நிமிர்த்தி, லேசாக விரிசல் இருந்தால் ஆர்கன் வெல்டிங் போட்டு, பெயிண்ட் அடித்துப் புதுசு போலத் தருகிறேன் என்கிறார் ஒருவர். செய்யலாமா?
- சேலம் வாசகர்

பதில்: முன்வீலுக்கு? வேண்டாம்.

காரணம் சொல்கிறேன். இரும்பு சூடானால் சிவந்து எச்சரிக்கும். அலுமினியம் சிவக்காமலே உருகும் நிலைக்குப் போய்விடும், கேஸ் பர்னர் பிடித்திருப்பவருக்கு எத்தனை டிகிரி என்று தெரியவே தெரியாது. பவுடர் கோட்டிங் பதிலில் சொன்னேனே, வார்த்த பிறகு சூடு கொடுத்து ஏற்றிய உறுதி, அது அந்த இடத்தில் போய்விடும். வெல்டிங்கும் அப்படியே, ஒட்டு நன்றாக இருந்தாலும் அதை ஒட்டிய பகுதி மெத்தென்று ஆகி, அடுத்த பள்ளத்தில் வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே பிளக்கும். மேலே பெயிண்ட் அடித்துவிட்டால் விரிசல் வருவதும் உங்கள் கண்ணில் படாது, எனக்கு அதுதான் பெரிய கவலை.

எவ்வளவு பெண்டு என்று முதலில் அளந்து பாருங்கள். முன்சக்கரம் தரையைத் தொடாமல் தூக்கி நிறுத்தி, ஃபோர்க்கில் ஒரு குச்சியைக் கட்டி, அதன் நுனி ரிம் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி வைத்துச் சக்கரத்தைச் சுற்றுங்கள். இடைவெளி பக்கவாட்டிலோ மேலும் கீழுமோ 2 மில்லிமீட்டருக்கு மேல் மாறினால் பெரும்பாலான சர்வீஸ் கையேடுகளின் கணக்கில் அந்த வீல் தேறாது. பேரிங்கில் ஆட்டம் இருந்தாலும் இப்படித்தான் காட்டும், அதை முதலில் பார்த்துவிடுங்கள்.

விரிசலுக்குப் பழைய பட்டறைச் சோதனை ஒன்று இருக்கிறது. சந்தேகமான இடத்தில் பெயிண்டை உரித்துச் சுத்தம் செய்து, அலாயின் கை ரிம்மோடு சேரும் மூலையில் மண்ணெண்ணெயைப் பிரஷ்ஷால் தடவிக் கால் மணி நேரம் விடுங்கள். துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸைப் பொடி செய்து அந்த இடத்தில் தூவுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் மெல்ல ஊறி வெளியே வந்து, வெள்ளைப் பொடியில் தலைமுடி போல ஒரு ஈரக்கோடு தெரியும். கோடு தெரிந்தால் வீல் காயலான் கடைக்கு, யாருக்கும் விற்காதீர்கள். தெரியவில்லை என்பதற்காக வீல் நூறு சதவீதம் சரி என்று ஆகிவிடாது, சிவப்புச் சாயம் அடித்துப் பார்க்கும் டை பெனட்ரன்ட் சோதனை இன்னும் நுணுக்கமானது, வார்ப்படப் பட்டறைகளில் செய்வார்கள்.

விரிசல் இல்லை, 2 மில்லிமீட்டருக்குள்தான் இருக்கிறது, காற்றும் இறங்கவில்லை என்றால் அந்தச் சின்ன நெளிவோடு அப்படியே ஓட்டுங்கள். அழகுக்காக அதைத் தட்டாதீர்கள்.

கேள்வி: வாட்டர் சர்வீஸ் விட்ட இடத்தில் வீலுக்கு ஏதோ ஒரு தண்ணீர் மருந்து அடித்தார்கள். அடித்ததும் பளிச்சென்று ஆனது, ஒரே வாரத்தில் சாம்பல் பூத்துவிட்டது. பாலிஷ் போட்டால் சரியாகுமா? வீலை வீட்டில் எப்படிக் கழுவுவது?
- மதுரை வாசகி

பதில்: பெரும்பாலும் ஆசிட் கலந்த கிளீனராக இருக்கும். பாத்ரூம் கழுவும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டை நீர்த்து அடிப்பவர்களும் உண்டு. அழுக்கோடு சேர்த்து மேல் படலத்தையும் அரித்துவிடுவதால்தான் உடனே பளிச்சென்று தெரிகிறது. சாம்பல் பூத்தது பெயிண்ட் இல்லாத இடத்தில் மட்டும் என்றால் மெட்டல் பாலிஷ் போட்டு எடுத்துவிடலாம். பெயிண்டின்மேல் இருக்கும் கிளியர் கோட் மங்கிப்போயிருந்தால் ரப்பிங் காம்பவுண்டை லேசாகப் போட்டுப் பாருங்கள், அதற்கும் மசியவில்லையென்றால் மறு பெயிண்ட்தான்.

வீட்டில் கழுவ வண்டி ஷாம்பூவும் ஒரு வாளித் தண்ணீரும் போதும், வேறெதுவும் வேண்டாம். வண்டி ஓட்டி வந்த சூட்டோடு தண்ணீர் ஊற்றாமல் கொஞ்சம் ஆறவிடுங்கள். முன்வீலில் கறுப்பாகப் படிவது பிரேக் பேடும் டிஸ்க்கும் தேய்ந்த தூள், அதில் இரும்பு இருக்கிறது, வாரக்கணக்கில் விட்டால் பதிந்துவிடும். பின்வீலில் இருப்பது செயின் லூப். அதை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்துவிட்டு உடனே ஷாம்பூ போட்டு எடுத்துவிடுங்கள், டயரிலும் டிஸ்க்கிலும் மட்டும் அந்தத் துணி படவே கூடாது. பாலிஷும் மெழுகும் அப்படித்தான், டிஸ்க்கில் பட்டால் பிரேக் வழுக்கும். பட்டுவிட்டால் பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்துவிட்டு, தெருவுக்குள் மெதுவாக ஓட்டிப் பிரேக் பிடித்துப் பார்த்த பிறகுதான் மெயின் ரோட்டுக்குப் போக வேண்டும். சர்வீஸ் விடும்போது அந்தப் பிரஷர் துப்பாக்கியை ஹப்புக்கு நேராகக் காட்டாதீர்கள் என்று சொல்லிவிடுங்கள், தண்ணீர் சீலைத் தாண்டிப் பேரிங்குக்குள் போய்விடும்.

கேள்வி: ரிம்மில் ரேடியம் ஸ்டிக்கர் ஒட்டினால் வீல் கெட்டுவிடுமா?
- கரூர் வாசகர்

பதில்: கெடாது. பெயிண்ட் உரிந்த இடத்தை மறைப்பதற்காக மட்டும் ஒட்டாதீர்கள், அடியில் ஈரம் தங்கும்.

கேள்வி: பெயிண்டை முழுக்க எடுத்துவிட்டு பஃபிங் போட்டுக் கண்ணாடி மாதிரி வைத்திருக்க ஆசை. குரோம் போடலாமா என்றும் யோசிக்கிறேன்.
- தஞ்சாவூர் வாசகர்

பதில்: பஃபிங் போடலாம், அழகாகத்தான் இருக்கும், ஆனால் அதற்குப் பிறகு நீங்கள்தான் அந்த வீலுக்கு வேலைக்காரர். வெறும் அலுமினியம் காற்றிலேயே மங்கிக்கொண்டே வரும், அடிக்கடி பாலிஷ் போட்டு மெழுகு தடவிக்கொண்டே இருக்க வேண்டும். மேலே கிளியர் கோட் அடித்துவிட்டால் தப்பிக்கலாமே என்றால், கண்ணாடி போன்ற பரப்பில் அது சரியாகப் பிடிக்காது, ஒரு கல் பட்டால் அந்த இடத்திலிருந்து வெள்ளைப் புழு நெளிந்த மாதிரி அரிப்பு கோடு கோடாக ஓடும். டைமண்ட் கட் வீல்களில் அந்தக் கோட்டை நீங்களே பார்த்திருப்பீர்கள். குரோம் என்பது செம்பு, நிக்கல், குரோமியம் என்று அடுக்கடுக்காக ஏற்றுவது, நடுவில் ஓர் ஓட்டை விழுந்தால் ஈரத்தில் முதலில் கரைவது அடியில் இருக்கும் அலுமினியம்தான். நான் குரோமுக்கு ஓட்டு போட மாட்டேன்.

கேள்வி: அண்ணா, என் வண்டி ஸ்போக் வீல். பழைய சாமான் கடையில் அலாய் வீல் செட் ஒன்று புதுப் பெயிண்டோடு சல்லிசாக வருகிறது. வாங்கலாமா? போலீஸ், ஆர்.டி.ஓ. பிரச்சினை வருமா?
- திருநெல்வேலி வாசகி

பதில்: புதுப் பெயிண்ட் என்பதுதான் எனக்கு இடிக்கிறது தங்கச்சி. பழைய வீலைப் பழைய வீலாகவே விற்றால் கீறல், நெளிவு எல்லாம் பார்த்து வாங்கலாம். பெயிண்ட் அடித்து விற்றால் அடியில் பட்டி இருக்கிறதா, வெல்டிங் இருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்? உள்பக்கம் டயர் உட்காரும் குழியைப் பாருங்கள், பெயிண்ட் அடிப்பவர்கள் பெரும்பாலும் அங்கே கவனமாக இருக்க மாட்டார்கள், வெல்டிங் போட்ட மேடு அங்கே தெரியும். கையில் ஒரு காந்தமும் கொண்டுபோங்கள், அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது, பேரிங் உட்காரும் குழியின் சுவரில் ஒட்டினால் இரும்புப் புஷ் அடித்து அந்தக் குழியைச் சரிக்கட்டியிருக்க வாய்ப்புண்டு.

ரிம்மில் வார்த்திருக்கும் எழுத்துகளைப் படியுங்கள். அளவு, எம்.டி. என்ற எழுத்து, தயாரித்தவர் அடையாளம் எல்லாம் இருக்க வேண்டும். எம்.டி. 2.15 என்று இருந்தால் 2.15 அங்குல அகலம், டியூப்லெஸ்ஸுக்கு ஏற்ற விளிம்பு. இரண்டு, மூன்று சக்கர வண்டிகளின் அலாய் ரிம்முக்கு ஐ.எஸ். 16192 என்ற இந்தியத் தரம் இருக்கிறது, புதிதாக வாங்குவதானால் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு அந்த எண்ணைத் தேடுங்கள்.

சட்டத்தைப் பொறுத்தவரை, மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. கிளாசிக் 350 போல ஒரே மாடலில் ஸ்போக்கும் அலாயும் கம்பெனியே தருகிற வண்டியாக இருந்தால், அந்தக் கம்பெனி பார்ட்டையே போடுவது பாதுகாப்பு. வேறு வண்டியின் வீலை ஏற்றினால் சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், டிஸ்க் காலிப்பருக்கு நேராக வராது, செயின் சாய்ந்து ஓடும், ஸ்பீடோமீட்டர் கியர் பொருந்தாது, லேத்தில் காலர் கடைந்து கடைந்து அலைவீர்கள். அந்த அலைச்சல் கூலியைக் கூட்டிப் பார்த்தால் சல்லிசு விலை சல்லிசாக இருக்காது.

கம்பெனி செட்டே கிடைத்து மாற்றினாலும் உங்கள் ஸ்போக் வீல்களை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். 15 வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்க வண்டியைக் காட்டப் போகும்போது தேவைப்படலாம்.